"பதிவு இல்லை" என்று கணினி சொல்லும்போது: காணாமற்போனோர் பட்டியல்களும் நிறைவேற்றத் திட்டமும்

பேராதனையிலிருந்து கம்பளை செல்லும் வீதியில், மகாவலியை அண்டிய சிறு நகரம் கெலிஓயா. ரயில் நிலையமும் உண்டு. ஊரின் பெயரைத் தமிழில் கெலிஓயா என்றும் கெலியோயா என்றும் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் சிலர் 'ஜி' எழுத்தில் தொடங்குகிறார்கள், சிலர் 'கே' எழுத்தில். சிலர் ஒரே சொல்லாகவும் சிலர் இரண்டு சொல்லாகவும் எழுதுகிறார்கள். ஊரில் இருப்பவருக்கு இதில் குழப்பம் எதுவும் இல்லை. கணினிக்கோ ஒவ்வொன்றும் வேறு ஊர்.

1977 வன்செயலுக்கும் 1983 வன்செயலுக்கும் பின்னர் மலையகத்திலிருந்து பெருந்தொகையான தமிழ்க் குடும்பங்கள் வன்னிக்குப் போய்க் குடியேறின. அவர்களில் பலர் 2009 வரை போரின் நடுவே வாழ்ந்தார்கள். பலர் காணாமலாக்கப்பட்டார்கள். கண்டிப் பக்கத்தில் தங்கிவிட்ட சகோதரி ஒருவர் முறைப்பாடு செய்திருந்தால் அதில் முகவரி கண்டி மாவட்டமாக இருக்கும். கிளிநொச்சியிலிருந்த மனைவி தனியாக முறைப்பாடு செய்திருந்தால் அதில் மாவட்டம் கிளிநொச்சி. சம்பவம் நடந்த இடம் முல்லைத்தீவு. காணாமற்போனவர் ஒருவர், பதிவுகள் இரண்டு. பெயரின் எழுத்துக்கூட்டலும் இரண்டு விதம்.

அந்தச் சகோதரி ஒரு நாள் அலுவலகம் ஒன்றுக்குப் போய்த் தம்பியின் பெயரைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினியின் முன் இருப்பவர் தட்டச்சு செய்கிறார். சற்று நேரம் திரை சுழல்கிறது. பிறகு "பதிவு இல்லை" என்கிறார். இந்த இரண்டு சொற்களுக்கும் மூன்று அர்த்தம் இருக்கலாம். உண்மையிலேயே பதிவு இல்லாமல் இருக்கலாம். பதிவு இருந்தும் கேட்ட கேள்வி அதைத் தொடாமல் போயிருக்கலாம். அல்லது தேடல் முடிவதற்குள் நேர எல்லை தாண்டியதால் கணினி அதைக் கைவிட்டிருக்கலாம். வரிசையில் நிற்பவருக்கு மூன்றும் ஒரே பதில்தான். எது நடந்தது என்று கண்டறிய மென்பொருள் உலகில் ஒரு கருவி உண்டு. அதன் பெயர் நிறைவேற்றத் திட்டம், அதாவது எக்ஸிகியூஷன் பிளான்.

காணாமற்போனோர், காணி, மீள்குடியேற்றம், இழப்பீடு ஆகியவை பற்றிய பட்டியல்களைக் கையாளும் தமிழ் இளைஞர்கள் இன்று பல அமைப்புகளில் வேலை செய்கிறார்கள். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு வினவல், அட்டவணை, பதிவு, புலம் என்ற சொற்கள் பழக்கமானவை. இக்கட்டுரை முதலில் அவர்களுக்கானது. அலுவலகப் படிகளில் காத்திருக்கும் குடும்பங்களும் என்ன கேட்கலாம் என்று இதிலிருந்து அறிந்துகொள்ளலாம். இதில் வரும் எண்ணிக்கை உதாரணங்கள் பயிற்சிக்காக அமைக்கப்பட்டவை. எந்தவொரு அலுவலகத்தின் கணினியையும் குறிப்பன அல்ல.

இலங்கையில் எழுதப்பட்ட ஒரு தரவுத்தளம்

காணாமற்போனோருக்கான தரவுத்தளம் நமக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் சில வாரங்களுக்குள் இலங்கையின் மென்பொருள் துறையைச் சேர்ந்த தொண்டர்கள் 'சஹானா' என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். லங்கா மென்பொருள் மன்றம் அதற்குப் பின்னால் நின்றது. காணாமற்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, உதவி அமைப்புகளின் பதிவேடு ஆகியவை அதில் இருந்தன. பிஎச்பி மொழியிலும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலும் அது இயங்கியது. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் யோக்யகர்த்தா நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது.

போரில் காணாமற்போனோர் விடயத்தில் பட்டியல் ஒன்றல்ல, பல. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு 1990 முதல் 16,000 இற்கும் மேற்பட்ட முறைப்பாடுகளைப் பெற்றுள்ளது. 2013 இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவுக்கு 20,000 இற்கும் மேற்பட்ட முறைப்பாடுகள் கிடைத்தன. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாகி 2018 இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திடம் தனிப் பட்டியல் உண்டு. ஐ.நா. செயற்குழு, மனித உரிமை அமைப்புகள், திருச்சபைகள், குடும்பங்களின் சங்கங்கள் ஆகியோரிடமும் பட்டியல்கள் உள்ளன. ஒரே மனிதர் ஐந்து பட்டியல்களில் இருக்கலாம். ஒன்றில் மட்டும் இருக்கலாம். எதிலும் இல்லாமலும் போகலாம்.

இங்கே ஒன்றை மனதில் வைக்க வேண்டும். 20,000 பதிவுகள் என்பது குடும்பங்களுக்குக் கடல். கணினிக்கோ மிகச் சிறிய எண். ஒரு சாதாரண மடிக்கணினி அந்தப் பட்டியல் முழுவதையும் நினைவகத்தில் வைத்து, முதலிலிருந்து கடைசிவரை ஒரு நொடிக்குள் படித்து முடித்துவிடும். ஆகவே ஒரு தனிப் பெயரைத் தேட நிமிடக்கணக்கில் எடுக்கிறது என்றால், பட்டியல் பெரியது என்பது காரணமாக இருக்க முடியாது. காரணம் வேறெங்கோ இருக்கிறது. அதைக் காட்டுவதே நிறைவேற்றத் திட்டத்தின் வேலை.

திட்டம் என்றால் என்ன

தரவுத்தளத்திடம் நாம் எஸ்கியூஎல் மொழியில் பேசும்போது என்ன வேண்டும் என்று மட்டுமே சொல்கிறோம். எப்படித் தேடுவது என்று சொல்வதில்லை. 1970 இல் எட்கர் கொட் முன்வைத்த உறவுநிலைத் தரவுத்தளக் கோட்பாட்டின் அடிப்படை இதுதான். எப்படித் தேடுவது என்பதைத் திட்டமிடுநர் என்ற உள்நிரல் தீர்மானிக்கிறது. சாத்தியமான ஒவ்வொரு வழிக்கும் செலவு கணக்கிட்டு, குறைந்த செலவுள்ள வழியைத் தெரிவுசெய்யும் முறையை ஐபிஎம் நிறுவனத்தின் பற்றீசியா செலிங்கரும் அவரது குழுவினரும் 1979 இல் வெளியிட்டார்கள். இன்றைய தரவுத்தளங்கள் பெரும்பாலும் அந்த வழியையே பின்பற்றுகின்றன.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போக வேண்டும் என்று சொல்வது வினவல். ஏ9 வீதியால் போவதா, புத்தளம் பக்கம் சுற்றிப் போவதா, எங்கே வண்டி மாறுவது என்பதெல்லாம் திட்டம். சேர வேண்டிய இடம் மாறாது. நேரம்தான் மாறும். இதுவே அடிப்படை விதி: திட்டம் மாறினாலும் பதில் மாறக்கூடாது. வேகத்துக்காக வினவலை நாம் திருத்தி எழுதும்போது இந்த விதியை மீறிவிடும் ஆபத்து இருக்கிறது. அதைக் கீழே பார்ப்போம்.

திட்டத்தைக் கேட்பது எளிது. போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்கியூஎல்லிலும் வினவலுக்கு முன்னால் 'எக்ஸ்பிளெய்ன்' என்ற சொல்லைச் சேர்த்தால் போதும். தரவுத்தளம் வினவலை இயக்காமல் தனது திட்டத்தை மட்டும் காட்டும். 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்' என்றால் வினவலை உண்மையாகவே இயக்கி, மதிப்பிட்டதையும் நடந்ததையும் அருகருகே காட்டும். மைஎஸ்கியூஎல்லில் இந்த வசதி 8.0.18 பதிப்பிலிருந்து உண்டு. எஸ்கியூலைட்டில் 'எக்ஸ்பிளெய்ன் கியூரி பிளான்' என்று கேட்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. 'அனலைஸ்' சேர்த்தால் வினவல் உண்மையில் ஓடும். அழிக்கும் கட்டளைக்கு முன்னால் அதைச் சேர்த்தால் பதிவுகள் உண்மையில் அழியும். திருத்தும் அல்லது அழிக்கும் கட்டளைகளைச் சோதிக்கும்போது முதலில் 'பிகின்' கொடுத்து, சோதனை முடிந்ததும் 'ரோல்பேக்' கொடுத்துப் பின்வாங்க வேண்டும். திரும்பக் கிடைக்காத சாட்சியங்கள் உள்ள அட்டவணை என்றால் பிரதி ஒன்றில் மட்டும் சோதியுங்கள்.

வாசிக்கும் முறை

திட்டம் ஒரு மரம்போல வரும். அதிகம் உள்தள்ளி இருக்கும் வரிதான் முதலில் தரவைத் தருகிறது. ஆகவே உள்ளிருந்து வெளியே வாசிக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் நான்கு விடயங்களைப் பாருங்கள்.

முதலாவது, எந்த வழி. 'சீக் ஸ்கேன்' என்றால் அட்டவணை முழுவதையும் முதல் பக்கத்திலிருந்து படிக்கிறது. 'இன்டெக்ஸ் ஸ்கேன்' என்றால் புத்தகத்தின் பின்னால் உள்ள சொல்லடைவைப் பார்த்து நேராகப் பக்கத்துக்குப் போகிறது. மைஎஸ்கியூஎல்லின் வழமையான அட்டவணை வடிவில் 'டைப்' என்ற பத்தியில் 'ஓல்' என்று வந்தால் முழு வாசிப்பு. எஸ்கியூலைட் 'ஸ்கேன்' என்றால் முழு வாசிப்பு, 'சேர்ச்' என்றால் இன்டெக்ஸ் வழி.

இரண்டாவது, செலவு. இது நொடியோ ரூபாயோ அல்ல, ஒப்பிடுவதற்கான அலகு. போஸ்ட்கிரெஸின் இயல்பு அமைப்பில் ஒரு பக்கத்தை வரிசையாகப் படிக்க 1, ஒரு பதிவைக் கையாள 0.01, ஒரு நிபந்தனையைச் சோதிக்க 0.0025. நமது பயிற்சி அட்டவணையில் 20,000 பதிவுகள் 400 பக்கங்களில் இருப்பதாகக் கொண்டால், ஒரு நிபந்தனையுடன் முழு வாசிப்பின் செலவு 400 + 200 + 50 = 650. திட்டத்தில் 650 என்று கண்டால் அது எங்கிருந்து வந்தது என்று இனி உங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, பதிவுகளின் எண்ணிக்கை. திட்டமிடுநர் எதிர்பார்த்த எண்ணும் உண்மையில் வந்த எண்ணும் அருகருகே இருக்கும். இரண்டும் பெரிதாக வேறுபட்டால் அங்கேதான் நோய்.

நான்காவது, சுற்றுகள். 'லூப்ஸ்' 20,000 என்றால் அந்த வேலை 20,000 தடவை நடந்திருக்கிறது. போஸ்ட்கிரெஸில் பக்கத்தில் காட்டப்படும் நேரம் ஒரு சுற்றின் சராசரி. 0.5 மில்லிநொடி என்பது சின்னதாகத் தெரியும். 20,000 ஆல் பெருக்கினால் 10 நொடி.

பெயரைத் தேடுதல்

நமது பெயர்களில் தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் வரும். ஆகவே ஒரு பெயரைத் தேட, முன்னும் பின்னும் எதுவும் இருக்கலாம் என்று இருபுறமும் % குறியிட்டு 'லைக்' நிபந்தனை எழுதுவது வழக்கம். திட்டத்தைப் பார்த்தால் முழு வாசிப்பு என்று வரும். சொல்லடைவு முதலெழுத்தின்படி அடுக்கப்பட்டிருக்கிறது. முதலெழுத்தே தெரியாதபோது அதைப் பயன்படுத்த வழியில்லை.

உடனே தோன்றும் வைத்தியம், முன்னால் உள்ள % குறியை எடுத்துவிடுவது. திட்டம் இன்டெக்ஸ் ஸ்கேன் ஆகிவிடும். வேகம் கூடிவிடும். ஆனால் முதலெழுத்துடன் பதியப்பட்ட அத்தனை பேரும் பதிலிலிருந்து விழுந்துவிடுவார்கள். எந்தத் தவறும் திரையில் காட்டப்படாது. கடையின் பொருட்பட்டியலில் இது சிறிய குறை. காணாமற்போனோர் பட்டியலில் இது ஒரு மனிதரை இரண்டாவது தடவை காணாமலாக்குவது.

சரியான வழி வேறு. மூலப் பெயரைத் தொடாமல், பக்கத்தில் தேடலுக்கென்று தனிப் புலம் ஒன்றை உருவாக்குங்கள். அதில் முதலெழுத்துகளை நீக்குங்கள். ஸ்ரீ, சிறி என்பவற்றை ஒன்றாக்குங்கள். ஜெயம், செயம், யெயம் போன்ற வேறுபாடுகளை ஒரு வடிவுக்குக் கொண்டுவாருங்கள். அந்தப் புலத்துக்கு இன்டெக்ஸ் கட்டுங்கள். தேடும் பெயரையும் அதே விதியால் மாற்றிய பின்னரே ஒப்பிடுங்கள். போஸ்ட்கிரெஸில் தரவுத்தளத்தின் மொழி ஒழுங்கு 'சி' அல்லாதபோது, சாதாரண இன்டெக்ஸ் முன்னொட்டுத் தேடலுக்கு உதவாது. 'டெக்ஸ்ட் பேட்டர்ன் ஒப்ஸ்' என்ற வகையில் கட்ட வேண்டும். பெயரின் நடுப்பகுதியைத் தேட, சொல்லை மும்மூன்று எழுத்தாக வெட்டி அடுக்கும் 'டிரைகிராம்' நீட்சி இருக்கிறது. தமிழ் உயிர்மெய்க் குறிகளை அது உங்கள் கணினியில் எப்படி வெட்டுகிறது என்று சில பெயர்களைக் கொடுத்துப் பார்த்துவிட்டே நம்புங்கள்.

தமிழுக்கே உரிய மூன்று பொறிகள் உண்டு. ஒன்று, 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் யூனிகோட்டில் ஒரே குறியாகவும் இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. உள்ளிடும்போதே 'என்எஃப்சி' வடிவுக்கு மாற்றுவது தீர்வு. இரண்டு, பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய பட்டியல்கள். அவற்றின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். மாற்றாமல் ஏற்றினால் எந்த யூனிகோட் தேடலும் அவற்றைத் தொடாது. மூன்று, ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களுக்கு 'சவுண்டெக்ஸ்' என்ற ஒலிக்குறி முறையைப் பயன்படுத்துவது. அது முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். நமது கெலிஓயா ஒரு எழுத்துக்கூட்டலில் 'ஜி400' ஆகவும் மற்றதில் 'கே400' ஆகவும் பிரிந்துவிடும்.

அடையாள அட்டை இலக்கம்

பெயர் குழப்பம் என்பதால் தேசிய அடையாள அட்டை இலக்கத்தால் இணைப்போம் என்பார்கள். பழைய இலக்கம் 9 எண்களும் 'வி' அல்லது 'எக்ஸ்' எழுத்தும். 2016 முதல் வழங்கப்படும் புதியது 12 எண்கள். பழையதைப் புதியதாக்க, முன்னால் 19 சேர்த்து, முதல் 5 எண்களுக்குப் பின் ஒரு 0 இட்டு, கடைசி எழுத்தை நீக்க வேண்டும்.

இந்த மாற்றத்தை இணைப்பு நிபந்தனைக்குள்ளேயே எழுதினால், அந்தப் புலத்தின் சாதாரண இன்டெக்ஸ் பயனற்றுப்போகும். அதுபோலவே ஒரு பட்டியலில் இலக்கம் எழுத்துவகையாகவும் மற்றதில் எண்வகையாகவும் இருந்தால், மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு பதிவையும் மாற்றி ஒப்பிடும், இன்டெக்ஸைத் தொடாது. மாற்றிய இலக்கத்தைத் தனிப் புலமாகச் சேமித்து, இரு பக்கமும் எழுத்துவகையாக வைத்து, அதற்கு இன்டெக்ஸ் கட்டுவதே வழி. எக்ஸெல் வழியாக வரும் கோப்புகளில் 12 எண் இலக்கம் அடுக்குக்குறி வடிவுக்குச் சுருங்கி, கடைசி எண்கள் தொலைந்திருக்கலாம். ஏற்றுவதற்கு முன் பாருங்கள்.

இதைவிடப் பெரிய விடயம் ஒன்று. காணாமற்போனவர்களில் அடையாள அட்டை எடுக்கும் வயதை எட்டாத பிள்ளைகளும் இருந்தார்கள். இலக்கம் மறந்துபோன, ஆவணங்களை இடப்பெயர்வில் இழந்த குடும்பங்களும் உண்டு. அவர்களின் புலம் வெற்றாக இருக்கும். வெற்று எதற்கும் சமமாகாது என்பது எஸ்கியூஎல் விதி. இலக்கத்தால் மட்டும் இணைத்தால் அந்தப் பிள்ளைகள் எல்லோரும் வெளியே நிற்பார்கள். திட்டத்தில் உள்ளே போன பதிவுகள் எத்தனை, வெளியே வந்தவை எத்தனை என்று எண்ணிப்பாருங்கள். 'ரோஸ் ரிமூவ்ட் பை ஃபில்டர்' என்ற வரி எத்தனை பதிவுகள் தள்ளப்பட்டன என்று சொல்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கேட்பது நமது வேலை.

ஒரு வெற்றுப் புலம் எல்லோரையும் மறைக்கும்போது

2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணப் பதிவுச் சட்டத்துக்கு 2016 இல் கொண்டுவந்த திருத்தம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெற வழிசெய்தது. அதை ஏற்ற குடும்பங்களும் உண்டு, மறுத்த குடும்பங்களும் உண்டு. முறைப்பாடு செய்தும் இன்னும் சான்றிதழ் பெறாதோர் யார் என்று ஓர் அமைப்பு அறிய விரும்புகிறது என்று கொள்வோம். 'நொட் இன்' என்று எழுதுவது எல்லோருக்கும் இயல்பாக வரும். சான்றிதழ் பட்டியலில் ஒரேயொரு பதிவில் முறைப்பாட்டு இலக்கம் வெற்றாக இருந்தால் போதும், பதிலில் ஒருவரும் வரமாட்டார்கள். எல்லோரும் பெற்றுவிட்டார்கள் என்று அறிக்கை எழுதிவிடலாம்.

போஸ்ட்கிரெஸ் திட்டத்தில் இது 'சப்பிளான்' என்று தெரியும். உண்மைப் பதிவுகள் 0. அதே கேள்வியை 'நொட் எக்சிஸ்ட்ஸ்' என்று எழுதினால் திட்டம் 'அன்டி ஜொயின்' ஆக மாறும். வெற்றுப் புலம் பாதிக்காது. பெரிய அட்டவணைகளில் பெரும்பாலும் வேகமாகவும் இருக்கும். சரியும் வேகமும் ஒரே திருத்தத்தில் கிடைக்கும் அரிய இடம் இது.

மதிப்பீடு பிழைக்கும்போது

20,000 பதிவுகளில் 1,000 கண்டி மாவட்டத்துக்கு உரியவை, 200 கெலிஓயாவுக்கு உரியவை என்று வையுங்கள். மாவட்டம் கண்டி, ஊர் கெலிஓயா என இரண்டு நிபந்தனை கொடுத்தால், திட்டமிடுநர் இரண்டும் தொடர்பற்றவை என நினைத்து 20இல் ஒன்று, 100இல் ஒன்று என்று பெருக்கி, 10 பதிவுகள் வரும் என்று எதிர்பார்க்கும். கெலிஓயா முழுவதும் கண்டிக்குள்தான் என்பது அதற்குத் தெரியாது. உண்மையில் வருவது 200. 10 என்று நம்பி 'நெஸ்டட் லூப்' வழியைத் தெரிவுசெய்திருந்தால், உள்வேலை 20 மடங்கு தடவை நடக்கும்.

போஸ்ட்கிரெஸ் 10ஆம் பதிப்பிலிருந்து 'கிரியேட் ஸ்டட்டிஸ்டிக்ஸ்' கட்டளையால் இரு புலங்களின் தொடர்பைச் சொல்லிக்கொடுக்கலாம். பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிய உடனேயே 'அனலைஸ்' கட்டளையைத் தனியாக ஓட்டி, புள்ளிவிபரத்தைப் புதுப்பிப்பதும் அவசியம். பழைய கணக்கை வைத்துப் போடும் திட்டம் பழைய ஊருக்கே கொண்டுபோகும்.

பட்டியல்களை இணைத்தல்

உண்மையான பாரம் இங்கேதான். 20,000 பதிவுள்ள பட்டியலையும் 15,000 பதிவுள்ள பட்டியலையும் பெயர் ஒற்றுமையால் ஒப்பிட்டால், ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடும் பார்க்க வேண்டும். 30 கோடி ஒப்பீடு. ஓர் ஒப்பீட்டுக்கு 10 மைக்ரோநொடி என்றாலும் 50 நிமிடம். திட்டத்தில் 'நெஸ்டட் லூப்' என்றும், அதன் கீழ் பெரிய 'லூப்ஸ்' எண்ணும் வரும். சரிசமமாக ஒப்பிடக்கூடிய புலம் இருந்தால் 'ஹாஷ் ஜொயின்' வந்து, 35,000 பதிவுகளை ஒரு தடவை படித்து முடித்துவிடும். பெயர்களுக்கு அப்படி முடியாது.

ஆகவே பகுதி பிரிப்பார்கள். ஒரே மாவட்டத்துக்குள் மட்டும் ஒப்பிட்டால், 25 மாவட்டங்களும் சமமாக இருந்தால், 30 கோடி 1 கோடி 20 இலட்சமாகக் குறையும். ஆனால் கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த தம்பியை நினைத்துப்பாருங்கள். சகோதரியின் பதிவு கண்டியில், மனைவியின் பதிவு கிளிநொச்சியில். இரண்டும் ஒருபோதும் சந்திக்காது. ஆகவே ஒரு தடவை மாவட்டத்தால், ஒரு தடவை பிறந்த ஆண்டால், ஒரு தடவை தேடல் பெயரின் தொடக்கத்தால் எனப் பல தடவை பிரித்து ஒப்பிட்டு, பதில்களைச் சேர்க்க வேண்டும். அப்போதும் வேலை 30 கோடியிலும் மிகக் குறைவு.

இது வெறும் கணக்கு அல்ல. 2018 டிசம்பரில் சர்வதேச உண்மைக்கும் நீதிக்குமான செயற்றிட்டமும், மனித உரிமைகள் தரவுப் பகுப்பாய்வுக் குழுவும் பல பட்டியல்களை ஒப்பிட்டு, 2009 மே 17 முதல் 19 வரை சரணடைந்து காணாமலாக்கப்பட்டோர் ஏறத்தாழ 500 பேர் என மதிப்பிட்டன. இத்தகைய மதிப்பீடு பட்டியல்களுக்கு இடையே எத்தனை பெயர்கள் பொதுவாக இருக்கின்றன என்பதில் தங்கியுள்ளது. மிக எளிய உதாரணம்: 200 பேருள்ள பட்டியலும் 150 பேருள்ள பட்டியலும் இருந்து, 100 பேர் இரண்டிலும் இருந்தால் மொத்த மதிப்பீடு 200 × 150 ÷ 100 = 300. பொதுவானவர்களில் 25 பேரை நமது வினவல் தவறவிட்டால் மதிப்பீடு 400. இல்லாத 100 பேரைச் சேர்த்துவிடுகிறோம். மறுபக்கம், வெவ்வேறு இருவரை ஒருவராக இணைத்தால் உண்மையான ஒருவர் கணக்கிலிருந்து மறைந்துவிடுவார். இரண்டில் எது நடந்தாலும், எண்ணிக்கையை மறுக்கக் காத்திருப்பவர்களுக்கு நாமே வாய்ப்பைக் கொடுத்தவர்களாவோம்.

உதவி கேட்கும் முன்

திட்டம் புரியாதபோது இணையத்தில் ஒட்டி உதவி கேட்பது மென்பொருளாளரின் வழக்கம். திட்டத்தின் உள்ளே தேடிய பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அப்படியே இருக்கும். மெதுவான வினவல்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டிலும் அவை இருக்கும். சாட்சி சொன்ன ஒருவரின் பெயர் அது என்றால் விளைவு என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெயரையும் இலக்கத்தையும் பொய் மதிப்புகளால் மாற்றிய பின்னரே பகிருங்கள். பதிவேட்டுக் கோப்புகளையும் மூலப் பட்டியலைப் போலவே காப்பாற்றுங்கள்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும்

1. பழைய வினவலை ஓட்டிப் பதிலின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. திட்டத்தை எடுத்து, மதிப்பீடும் உண்மையும் அதிகம் விலகும் வரியைக் கண்டுபிடியுங்கள்.
3. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்.
4. புதிய பதிலைப் பழைய பதிலோடு பதிவு பதிவாக ஒப்பிடுங்கள். பழையதில் இருந்து புதியதில் இல்லாதவர் ஒருவர் இருந்தாலும், ஏன் என்று தெரியும்வரை மாற்றத்தை ஏற்காதீர்கள்.
5. எழுத்துக்கூட்டல் கடினமான 20 பெயர்களைச் சோதனைக்கென்று வைத்திருந்து, ஒவ்வொரு தடவையும் தேடிப்பாருங்கள். அதில் கெலிஓயாவும் இருக்கட்டும்.
6. நேர எல்லை தாண்டினால் "தேடல் முடியவில்லை" என்று திரையில் வரவேண்டும். "பதிவு இல்லை" என்று வரக்கூடாது.

ஆறாவது விடயத்துக்கு எந்தத் தொழில்நுட்பப் புலமையும் தேவையில்லை. குடும்பங்கள் எந்த அலுவலகத்திலும் இதைக் கேட்கலாம்: "இல்லை என்று சொல்கிறீர்கள். எந்த எழுத்தில் தேடினீர்கள்? எந்த மாவட்டத்தில் தேடினீர்கள்? தேடல் முடிந்ததா?"

நிறைவேற்றத் திட்டத்தால் யாரையும் கண்டுபிடித்துத் தர முடியாது. பதிவேட்டில் எழுதாத எதையும் அது காட்டாது. எங்கே கொண்டுபோனார்கள் என்ற கேள்விக்கான பதில் எந்தக் கணினியின் இன்டெக்ஸிலும் இல்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள். ஆனால் தேடியதாகச் சொல்லப்படும் தேடல் உண்மையில் நடந்ததா, எதுவரை நடந்தது, யாரைத் தாண்டிப் போனது என்பதை இந்தத் திட்டம் வரிக்கு வரி சொல்லும். கணினி மெதுவானது என்ற காரணத்தால் இனி எவரும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்படக்கூடாது.